மென்பொருள் தெரிந்தால் போதுமா?

பட்டப்படிப்பை முடித்த கையோடு வரைகலை வடிவமைப்புப் பயிற்சியில் சேரும் இளைஞர்களையும் இளம்பெண்களையும் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் காண்கிறோம். வீட்டிலிருந்தபடியே கற்கலாம், வீட்டிலிருந்தபடியே தொழிலும் செய்யலாம் என்பதால் பெற்றோரும் மனமுவந்து கட்டணம் செலுத்துகின்றனர். மூன்று மாதமோ ஆறு மாதமோ இணையவழிப் பாடங்கள் நடைபெறுகின்றன. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா ஆகிய மென்பொருள்களின் பொத்தான்கள் ஒவ்வொன்றாக விளக்கப்படுகின்றன. சான்றிதழும் கிடைத்துவிடுகிறது. ஆயினும் முதல் வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது பிள்ளைகள் திகைத்துப் போகின்றனர். அவர் கேட்பதில் எதை ஏற்பது, எதை மறுப்பது, எதைத் திருப்பிக் கேட்டுத் தெளிவது என்பதை எந்தப் பாடமும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இக்குறையைக் களையும் வழியைக் கல்வியாளர்கள் முன்பே கண்டிருக்கின்றனர். கனடா நாட்டின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தன் மருத்துவக் கல்லூரிக்கு முதல் அணி மாணவரைச் சேர்த்தபோது, விரிவுரைகளைக் குறைத்து, நோயாளி ஒருவரின் நிலைமையை அவர்கள்முன் வைத்து அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கியது. பின்னர் அமெரிக்காவில் ராஜர் ஷாங்க் என்னும் அறிஞர், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1989இல் தாம் நிறுவிய கற்றல் ஆய்வு நிலையத்தின் வாயிலாக, கணினித் திரையிலேயே இத்தகைய சூழல்களை அமைத்துக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். மாணவருக்கு ஒரு பொறுப்பு தரப்படும். அதை நிறைவேற்ற அவர் முடிவுகள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு விளைவு உண்டு. சூழல்வழிப் பயிற்சியின் சாரம் இவ்வளவுதான்.

நம் அனைவருக்கும் பழக்கமான ஒரு பணியைக் கொண்டு இதனை விளக்கலாம். ரமலான் பிறக்குமுன் ஊர்தோறும் ஸஹர், இஃப்தார் நேர அட்டவணை அச்சாகிறதல்லவா? புதிய வடிவமைப்பாளர் ஒருவரிடம் அப்பணி வருவதாகக் கொள்வோம். ஒரே தாள். முப்பது நாள்கள். கிழமை, ஆங்கிலத் தேதி, பிறை, ஸஹர் முடிவு, இஃப்தார் என ஐந்து பத்திகள். அச்சுச் செலவை ஏற்கும் துணிக்கடைக்காரர், தம் விளம்பரம் தாளில் பாதியை நிறைக்க வேண்டும் என்கிறார். மறுநாள் காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

இந்நிலையில் பயிற்சி மாணவருக்கு மூன்று வழிகளைக் காட்டுகிறது. எழுத்தை 6 பாயிண்ட் அளவுக்குச் சுருக்கி அட்டவணையைக் கீழ்ப்பாதியில் அடக்கிவிடலாம். முதல் பதினைந்து நாள்களை இடப்பக்கமும் அடுத்த பதினைந்தை வலப்பக்கமும் நிறுத்தி, நடுவே விளம்பரத்தை வைக்கலாம். அன்றி, கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து விளம்பரத்தைத் தாளின் பின்பக்கத்துக்கு மாற்ற இசைவு கேட்கலாம்.

முதல் வழியைத் தேர்ந்த மாணவருக்குத் திரை ‘தவறு’ என்று அறிவித்துவிட்டால் பயிற்சியின் உயிரே போய்விடும். விடியலுக்கு முன், மங்கலான விளக்கொளியில், மூக்குக்கண்ணாடியைத் தேடும் பாட்டியம்மா ஒருவரை அது காட்ட வேண்டும். பொடி எழுத்தில் 5.13 என்று அச்சாகியிருப்பதை அவர் 5.18 என்று படித்துவிடுகிறார். அந்த ஐந்து நிமிடம் எத்துணை பெரிது என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரண்டாம் வழியைத் தேர்ந்தவருக்கு, நான்காம் பிறைக்குரிய நேரத்தைத் தேடியவரின் கண் அதே வரிசையில் நழுவிப் பத்தொன்பதாம் பிறையின் நேரத்தில் போய் நிற்பதைக் காட்டலாம். மூன்றாம் வழிக்கும் விலையுண்டு. இருபுறமும் அச்சிட்டால் செலவு கூடும். கடைக்காரரும் முகம் சுளிப்பார். அவரிடம் என்ன சொல்லி இசைய வைப்பது என்பது அடுத்த திரைக்குரிய கேள்வி. எந்த வழியிலும் நோகாமல் தப்பிக்க முடியாது என்பதை மாணவர் உணரும்போதுதான் தொழிலின் உண்மையான முகம் அவருக்குத் தெரியத் தொடங்குகிறது.

ஒரு தாளின் அமைப்புக்கு இத்தனை கவலையா என்று சிலர் எண்ணக்கூடும். 2000ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தது. புளோரிடா மாநிலத்துப் பாம் பீச் மாவட்டத்தில் முதியோர் மிகுதி. அவர்கள் எளிதாகப் படிக்கட்டும் என்று தேர்தல் அதிகாரி வாக்குச்சீட்டின் எழுத்துகளைப் பெரிதாக்கினார். பத்து வேட்பாளர்களின் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்காமல் எதிரெதிரான இரு பக்கங்களில் விரிந்தன. துளையிட வேண்டிய இடங்களோ நடுவே ஒரே வரிசையில் அமைந்தன. இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்த ஆல் கோருக்கு உரியது மூன்றாம் துளை. இரண்டாம் துளையோ வலப்பக்கத்தில் முதலாவதாக இருந்த புக்கானனுக்கு உரியது. அம்மாவட்டத்தில் புக்கானனுக்கு 3,400க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அம்மாநிலத்தின் வேறெந்த மாவட்டத்திலும் அவருக்கு அத்தனை வாக்குகள் கிடைக்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இடப்பட்டதால் 19,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாமற் போயின. மாநிலம் முழுவதிலும் புஷ் வென்றதோ வெறும் 537 வாக்குகளில்!

அந்த அதிகாரியின் எண்ணத்தில் குற்றம் காண இயலுமா? முதியோருக்குப் பெரிய எழுத்து என்பது எல்லாப் பாடநூலும் கூறும் விதிதான். விதியைப் பின்பற்றியதால் வேறெது இடம்பெயர்ந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. மூத்த வாக்காளர் நால்வரிடம் சீட்டைக் கொடுத்துத் துளையிடச் சொல்லிப் பார்த்திருந்தால் வெளிப்பட்டிருக்கும் என்பதே என் கருத்து. விதியை மனப்பாடம் செய்விக்கும் பயிற்சிக்கும் சூழலில் நிறுத்தும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது. இந்தச் சீட்டையே ஒரு பாடமாக்கி, ‘எழுத்தும் பெரிதாக வேண்டும், துளையும் குழப்பக்கூடாது, என்ன செய்வீர்?’ என்று மாணவரைக் கேட்கலாம்.

சூழல்களை எங்கிருந்து பெறுவது? அச்சகங்களிலிருந்துதான். பயிற்சியை அமைப்பவர் பழுத்த அச்சகக்காரர் ஒருவரிடம் சென்று, சென்ற ஆண்டில் எந்தெந்த வேலைகளை இரண்டாம் முறை அச்சிட நேர்ந்தது, ஏன் என்று கேட்டால் போதும். ஒவ்வொரு மறுஅச்சும் ஒரு பாடமாகும். மணமகன் வீட்டார் கைப்பேசியில் அனுப்பிய படத்தின் அகலம் 800 படப்புள்ளிகளே. அதனை 8 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 100 புள்ளிகள்தாம் கிடைக்கும். நல்ல அச்சுக்கு 300 வேண்டும். திரையில் பளிச்சென்று ஒளிர்ந்த பச்சை, நான்கு மைகளால் அச்சாகும் தாளில் மங்கிப்போகும். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடாததால் வெட்டியபின் வெள்ளைக்கோடு தெரியும். இவையெல்லாம் எளிய சூழல்கள். ஒருமுறை பட்டால் மறக்கமாட்டார்கள்.

அரபி எழுத்தின் சூழலோ சற்று நுட்பமானது. வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்தைக் கையாளும் வசதி இயக்கப்படாத மென்பொருளில் அரபி வாசகத்தை ஒட்டினால், கூடி நிற்க வேண்டிய எழுத்துகள் தனித்தனியே பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். அரபி அறியாத வடிவமைப்பாளருக்கு அது அழகிய கோலமாகவே தோன்றும்! நிக்காஹ் அழைப்பிதழின் உச்சியில் அவ்வாறு சிதைந்த வாசகம் அச்சேறுமானால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? அரபி தெரிந்த ஒருவரிடம் மெய்ப்பைக் காட்டாமல் அச்சுக்கு அனுப்புவதா என்பதே அங்கே மாணவர் எடுக்க வேண்டிய முடிவு. தமிழும் இதற்கு விலக்கன்று. பழைய எழுத்துருவில் தட்டெழுதிய செய்தி, யூனிக்கோடு எழுத்துருவுக்கு மாற்றியவுடன் புரியாத குறிகளாகிவிடுவதை நம் பதிப்பகத்தார் நன்கறிவர்.

இவற்றை இணையத்தில் ஏற்றப் பெருஞ்செலவு ஆகாது. மாணவர் தரும் விடைக்கேற்ப அடுத்த பகுதிக்குத் தாவச் செய்யும் வசதி கூகுள் படிவத்திலேயே உண்டு. கிளைக்கதைகள் அமைப்பதற்கென 2009இல் வெளிவந்த டுவைன் என்னும் மென்பொருளும் இலவசமே. காணொளி தேவையில்லை, நான்கு வரி உரையாடலும் ஒரு படமும் போதும். கைப்பேசியில் பார்க்கும் பிள்ளைக்கு அதுவே எளிது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: தவறான வழிகள் பார்த்த மாத்திரத்தில் தவறென்று தெரிந்தால் பயனில்லை. நல்ல வடிவமைப்பாளரும் அவசரத்தில் தேர்ந்துவிடக்கூடிய வழியாக அவை அமைய வேண்டும்.

திரை எல்லாவற்றையும் மதிப்பிட்டுவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. மாணவர் தேர்ந்த வழி சரியாக இருக்கலாம். அவர் வரைந்தது அழகற்றதாக இருக்கலாம். ஆகவே சூழலின் முடிவில் அந்த அட்டவணையையோ அழைப்பிதழையோ அவரே செய்து அனுப்ப வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர் அதைப் பார்த்துக் கருத்து எழுத வேண்டும். கட்டணம் செலுத்துமுன் பெற்றோர் கேட்டுத் தெளிய வேண்டியது இதுவே: என் பிள்ளை செய்த வேலையை யார் பார்ப்பார்?

வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்பிள்ளைகளுக்கு மற்றொரு சூழல் மிக அவசியம். நெருங்கிய உறவினர் ஒருவர் தம் கடைக்குச் சின்னம் வரையக் கேட்கிறார். ‘இன்னும் கொஞ்சம் பெரிதாக்கு’ என்கிறார். பிறகு ‘நிறத்தை மாற்று’ என்கிறார். பத்தாம் திருத்தம் வரை வந்தாயிற்று. கூலிப் பேச்சே எழவில்லை. உறவும் முறியக்கூடாது, உழைப்பும் வீணாகக்கூடாது. இச்சூழலின் முதல் திரையிலேயே, திருத்தம் எத்தனை முறை, முன்பணம் எவ்வளவு என்பதை எழுதி அனுப்பும் வாய்ப்பு ஒன்றை அமைதியாக வைத்துவிடலாம். உறவினராயிற்றே என்று கூச்சப்பட்டு அதைக் கடந்து போன மாணவி, பத்தாம் திருத்தத்தின்போது அத்திரைக்கே திரும்பிச் சென்று பார்ப்பாள்.