முகவையும் தண்ணியில்லாக் காடும்

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி தமிழில் நன்கு வேரூன்றிய துறையாகும். இரா. பி. சேதுப்பிள்ளையவர்களின் ‘தமிழகம்: ஊரும் பேரும்’ 1946இல் வெளிவந்த நாள் தொட்டு, கல்வெட்டிலும் இலக்கியத்திலும் பயின்ற பெயர்கள் பலவாறு ஆராயப்பெற்றுள்ளன. ஆயின், ஏட்டிலும் கல்லிலும் ஏறாது மக்கள் வாயில் மட்டும் வழங்கும் பட்டப்பெயர்கள்பால் அறிஞர் நோக்கம் அத்துணைச் சென்றிலது. பதிவேட்டில் உள்ள பெயரினும் பதிவேட்டில் இல்லாத பெயர் ஒரு நாட்டு மக்களின் நெஞ்சில் ஆழமாகத் தைத்து நிற்றலும் உண்டு. இராமநாதபுரத்துக்கு வழங்கும் ‘தண்ணியில்லாக் காடு’ என்னும் பெயர் அத்தகையது. அதன் பொருளையும் தோற்றத்தையும், அப்பெயரைச் சுமப்போர் அதுபற்றிக் கொண்டுள்ள உணர்வையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இத்தொடர் பெரும்பாலும் தனித்து வழங்குவதில்லை; ஒரு வினையோடு சேர்ந்தே வழங்குகிறது. மேலலுவலர் ஒருவர் தம் கீழ்ப் பணிபுரிவாரைச் சினக்கும்போது, ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்பார். தண்டனையாக வரும் பணி மாறுதலே இங்குக் குறிக்கப்படுவது. ஊர் எதுவென்று சொல்பவரும் சொல்லுவதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை. இருவர் உள்ளத்தும் இராமநாதபுரமே தோன்றுகிறது. திரைப்படங்களும் இவ்வழக்கை நகைச்சுவைக்கு எடுத்தாண்டு நாடெங்கும் பரப்பின.

இலக்கண நோக்கில் இத்தொடர் சுவையானது. ‘இல்லாத’ என்னும் எதிர்மறைப் பெயரெச்சம் ஈறு கெட்டு ‘இல்லா’ என நின்று, வருமொழி வல்லினம் மிகப்பெற்றுத் ‘தண்ணியில்லாக் காடு’ என்றாயிற்று. ‘தண்ணீர்’ பேச்சில் ‘தண்ணி’ எனச் சிதைந்தும், புணர்ச்சி விதி சிதையாமல் நிற்பதைக் காண்க. இனி, இது காரணப்பெயரா, இடுகுறியா என்பது வினா. நீரின்மையாகிய காரணம் வெளிப்படையாகவே உள்ளது. ஆயின், நீரற்ற இடங்கள் யாவற்றையும் அது குறிப்பதில்லை. முள்ளுடைய செடிகள் பலவாகவும் ‘முள்ளி’ என்பது ஒன்றனையே குறித்து நிற்பதுபோல, இதுவும் ஒரு நிலப்பகுதியையே குறித்து நிற்கின்றது. ஆகவே, நன்னூல் உரையாசிரியர் வழிநின்று இதனைக் காரண இடுகுறி எனக் கொள்ளுதல் பொருந்தும். காரணம் ஓரளவே உண்டு. எஞ்சியது இட்டவர் குறிப்பு. இட்டவர் யாவர் என்பதே நாம் காணவேண்டுவது.

முதற்கண் காரணத்தைப் பார்ப்போம். இராமநாதபுர மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் பொதுச் சராசரியினும் இது குறைவுதான். எனினும் கோயம்புத்தூர், தூத்துக்குடி மாவட்டங்களின் சராசரி இதனினும் குறைந்தது. கோயம்புத்தூரைத் தண்ணியில்லாக் காடு என்பார் எவருமிலர். எனவே மழையின்மை இப்பெயருக்குக் காரணமாகாது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் ஒருசேரப் பெய்துவிடுகிறது, நிலமோ தட்டையானது, நிலத்தடி நீர் பல இடங்களில் உப்புக் கரிக்கிறது. கிணறு தோண்டினால் நீர் வரும். அந்நீர் வாய்க்கு ஆகாது. குறை இதுவே.

இவ்வேறுபாட்டை அப்பகுதி மக்கள் தம் சொற்களிலேயே காத்து வருகின்றனர். அவர்கள் நீரை ‘நல்ல தண்ணீர்’ என்றும் ‘உப்புத் தண்ணீர்’ என்றும் பகுத்தே வழங்குவர். மன்னார் வளைகுடாவில் 21 எனக் கணக்கிடப்பெற்ற தீவுகளுள், வேம்பாரை அடுத்த கடற்பகுதியில் இரண்டு தீவுகள் உள. ஒன்றன் பெயர் நல்லதண்ணித் தீவு. மற்றொன்றன் பெயர் உப்புத்தண்ணித் தீவு. நாற்புறமும் கடல் சூழ்ந்த மணல் திட்டிலும் எந்த நீர் கிடைக்கும் என்று கண்டு பெயரிட்டிருக்கின்றனர் கடலோடிகள். ‘தண்ணி’ என்னும் அதே சொல்லே இங்கும் பயில்கிறது. ஆயின் ‘இல்லா’ என்பது இல்லை. மண்ணில் வாழ்வோர் உள்ள நீரைக் கொண்டு பெயரிடுகின்றனர். வந்து போவோர் இல்லாத நீரைக் கொண்டு பெயரிடுகின்றனர். இவ்விரு தீவுப் பெயர்களே நம் கருத்துக்கு முதற்சான்று என்பேம்.

பிற சான்றுகளும் உள. முதுகுளத்தூர் என்னும் பெயரில் பழைய குளம் ஒன்று நிற்கிறது. வைகை கடலை அணுகும் இடத்து ஊர் ஆற்றங்கரை எனப்படுகிறது. மழைநீரை ஏந்தி நிற்கும் சிறு நீர்நிலையாகிய ‘ஏந்தல்’ என்பதை ஈறாகக் கொண்ட சிற்றூர்கள் இம்மாவட்டத்தில் மலிந்துள்ளன. கண்மாய், ஊருணி, மடை, கலுங்கு, ஊற்று என நீர்நிலைக்கும் அதன் உறுப்புகளுக்கும் வழங்கும் சொற்கள், நீரை எண்ணி எண்ணிச் செலவிட்ட மக்களின் சொற்கள். பாண்டியன் பெயர் தாங்கிய இராசசிங்கமங்கலத்துக் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பர். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரையும் பறந்து கடத்தற்கு அரிய பரப்பினது என்பது கருத்து. இதுவும் ஒரு பட்டப்பெயரே. உள்ளூரார் தாமே இட்டுக்கொண்டது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை பெருக்குமாறு குடபுலவியனார் கூறிய அறிவுரை புறநானூற்றின் 18ஆம் பாட்டாக உள்ளதன்றோ? பாண்டி நாட்டின் இக்கீழைப் பகுதி அவ்வறிவுரையின்படியே பிழைத்து வந்த நாடு.

இராமேசுவரத் தீவின் நிலையோ வியப்புக்குரியது. திருக்கோயிலின் உள்ளேயே 22 தீர்த்தங்கள் உள. அவை பெரும்பாலும் கிணறுகள். கடல் கூப்பிடு தொலைவில் இருப்பவும் அவற்றின் நீர் உப்பன்று. தங்கச்சிமடத்தை அடுத்துக் கடலுக்குள்ளேயே வில்லூன்றித் தீர்த்தம் நன்னீர் தருகிறது. பெய்த மழை மணலில் இறங்கி, எடை மிகுந்த உவர்நீரின் மேல் மெல்லிய படலமாய்த் தங்குவதே இதற்குக் காரணம். தனுக்கோடி மணலிலும் கையால் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுப்பதை இன்றும் காணலாம். நாடெங்கணுமிருந்து மக்கள் நீராட வரும் தீவு ஒன்று, தண்ணியில்லாக் காட்டின் ஒரு பகுதியாகவும் எண்ணப்படுவதை அவ்வூரார் நகைப்புடன் சுட்டுவது வழக்கம்.

‘காடு’ என்னும் சொல்லையும் நோக்குதல் வேண்டும். மரம் செறிந்த வனம் என்பது நகரத்தார் கொள்ளும் பொருள். தென்பாண்டிச் சீமையின் உழவர் வாயில் ‘காடு’ என்பது புன்செய் நிலம். கரிசற்காடு என்னும் வழக்கும் அதுவே. ‘காட்டுக்குப் போகிறேன்’ என்பவன் உழப் போகிறான். இப்பொருளில் தண்ணியில்லாக் காடு என்பது வானம் பார்த்த நிலம் என்ற அளவில் நின்றுவிடும். அதில் இழிவு ஒன்றுமில்லை. கேட்போரைப் பொறுத்துச் சொல் இவ்வாறு இருபொருள் தருகின்றது. உழவன் தன் வயலைக் காண்கிறான். அலுவலர் மனிதர் வாழாத வனத்தைக் காண்கிறார். இன்று அந்நிலத்தில் எங்கும் பரவியுள்ள சீமைக்கருவேல மரம், பின்னவர் பொருளுக்கே துணைசெய்துவிட்டது என்பதை மறுத்தற்கில்லை.

இனி, பெயரிட்டவர் யாவர்? பணி மாறுதல் என்பது சம்பளம் பெறும் அலுவலரின் வாழ்வுக்கு உரியது. உழவருக்கும் மீனவருக்கும் மாறுதல் ஆணை வருவதில்லை. எனவே இத்தொடர் ஆட்சி அலுவலகங்களிலேயே வளர்ந்தது எனத் துணியலாம். மாவட்ட எல்லையின் வரலாறும் இதற்குத் துணையாகிறது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுர மாவட்டம் அமைக்கப்பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அதன்கண் அடங்கியிருந்தன. 1985இல் அது மூன்றாகப் பிரிந்த பின்னர், சிவகங்கையும் விருதுநகரும் தம்மை இப்பெயரினின்று மெல்ல விடுவித்துக்கொண்டன. கடற்கரைப் பகுதியே அதனைத் தனியே தாங்குவதாயிற்று. நிலத்தின் இயல்பு பற்றிய பெயராயின் ஆட்சி எல்லையோடு சேர்ந்து சுருங்குமா? இன்னொன்றும் கருதத்தக்கது. பிரிக்கப்படாத அம்மாவட்டத்தின் ஆட்சித்தலைவர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையிலேயே இயங்கி வந்தது. மாவட்டத்தின் பெயர் ஓரிடத்தும் தலைமை ஓரிடத்துமாக இருந்த அந்நாளில், கீழ்க்கோடிக்குப் போவது எத்தகைய தண்டனையாகத் தோன்றியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இப்பெயரைக் கேட்ட அளவில் ஊரார் கொள்ளும் உணர்வு ஒருதன்மைத்தன்று. மதுரையிலும் சென்னையிலும் கல்வி பயிலச் சென்ற இளைஞர் விடுதித் தோழர் கூறும் கேலியைச் சிரித்துத் தாங்குகின்றனர். சிலர் தாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுகின்றனர். பிறர் சொன்னால் சுடும் சொல், தாம் சொன்னால் சுடுவதில்லை. குடும்பத்தின் குறையை வீட்டார் பேசுவதற்கும் அயலார் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு இது. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி நெடுந்தொலைவு சென்று நீர் கொணரும் பெண்டிருக்கோ அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. குடிநீர் வேண்டி அரசுக்கு விடுக்கும் விண்ணப்பத்தில் இதே பெயர் சான்றாகவும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1990களில் நரிப்பையூரில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்ததற்கும், பின்னர்க் காவிரி நீர் குழாய்வழி இம்மாவட்டத்துக்கு வந்ததற்கும் இப்பெயரால் பரவிய செய்தியும் ஓரளவு துணைசெய்தது என்று சொல்வார் உளர். அவர்தம் கூற்றைப் புறந்தள்ளுதல் இயலாது.

ஆயின் புண் ஆறாத இடம் வேறொன்று. ‘தண்ணியில்லா’ என்பதனை அவர்கள் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. நீர்க்குறை தாம் நாளும் அறிந்ததே. தாம் பிறந்து, மணந்து, மக்களைப் பெற்று வாழும் மண் பிறிதொருவருக்குத் தண்டனையாக வழங்கப்படுவதே அவர்கள் நெஞ்சை வருத்துவது. அதனால் விளையும் தீங்கும் சிறிதன்று. தண்டனை பெற்று வரும் ஆசிரியரும் மருத்துவரும் பொறியாளரும் வந்த நாளிலேயே திரும்பும் நாளை எண்ணத் தொடங்குவர். எல்லாரும் அத்தகையர் அல்லர். மனமுவந்து தங்கிப் பணிசெய்தாரும் பலர். ஆனால் எண்ணிக்கொண்டே இருப்பவர் கையில் கண்மாயின் கரையும் மடையும் என்னாகும்? தூர் வாரப்படாத கண்மாய் நீர் கொள்ளாது. நீர் இல்லையெனின் பெயர் மெய்யாகிவிடும். காரணத்தினின்று பெயர் பிறக்கும் என்பது இலக்கணம். இங்கோ பெயரினின்று காரணம் பிறக்கிறது என நாம் கருதுகின்றோம்.

அவ்வூரார் தமக்கு விரும்பி வழங்கிக்கொள்ளும் பெயர் ‘முகவை’ என்பது. வைகை கடலொடு கலக்கும் முகத்தில் அமைந்தமையால் முகவை என்பர் பெரும்பாலோர். முகந்து எடுத்தலின் ‘முகவை’ என்பாரும் உளர். சிலப்பதிகார நாடுகாண் காதையில் நெற்களத்துப் பாட்டாகிய முகவைப்பாட்டு குறிக்கப்பெறுகிறது. சொல்லமைப்பு நோக்கின் பின்னையதே இயல்பாக உள்ளது. ‘முகம்’ என்பதோடு வைகையின் முதலெழுத்து மட்டும் சேர்ந்தது எனல் இலக்கண நெறிக்கு எளிதில் இயைவதன்று. எனினும் ஊரார் முன்னையதையே பற்றி நிற்பது ஏன் என்பது விளங்கக்கூடியதே. தண்ணியில்லாக் காடு என இகழப்பட்டோர் ஓர் ஆற்றின் முகமாகத் தம்மைக் காண விழைகின்றனர்.

அவ்விழைவுக்கு வரலாறும் உண்டு. மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையோடு இணைக்கும் எண்ணத்தை 1789இல் ஆராய்ந்து பார்த்தவர் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாகிய முத்திருளப்ப பிள்ளையாவார். பொருட்செலவு பெரிதென்று அம்முயற்சி கைவிடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் 1895இல் பெரியாற்று அணை நிறைவெய்தியபோது, அதன் பயனில் பெரும்பங்கு வைகையின் மேற்புறத்து நிலங்களுக்கே சென்றது. எண்ணியது முகவை, நனைந்தது மதுரை.

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையையே பாலை என இளங்கோவடிகள் காடுகாண் காதையில் காட்டினார். பாலை தனி நிலமன்று. பருவத்தால் வரும் ஒரு நிலை. பட்டப்பெயரோ ஒரு பருவத்தின் நிலையைப் பிடித்து நிலத்தின் இயல்பாக நிறுத்திவிட்டது. இம்மாவட்டத்துக் காஞ்சிரங்குளமும் சித்திரங்குடியும் 2022இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இலும் இராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகளாவிய சிறப்புடைய ஈரநிலங்களாக அறிவிக்கப்பெற்றன. நான்கும் கண்மாய்களே. கார்த்திகை, மார்கழியில் அங்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. அவை மாறுதல் ஆணை பெற்று வந்தவை அல்ல. சித்திரை, வைகாசியில் இத்தகைய கண்மாய்களின் வெடித்த தரையைத் தோண்டி, ஊற்று நீரைச் சிரட்டையால் முகந்து குடத்தில் ஊற்றும் பெண்களையும் அவ்வட்டாரத்தில் காணலாம்.