புலிப்பால் காளான்: மண்ணுக்கடியில் ஒரு சேமிப்பு

தாய்ப்புலியின் பால் சிந்திய இடத்தில் இந்தக் காளான் முளைக்குமாம். அதனால் மலாய் மொழியில் இதன் பெயர் ‘செண்டாவான் சுசு ஹரிமாவ்’. கதை இருக்கட்டும், அறிவியல் என்ன சொல்கிறது?

பினாங்கில் கிடைத்த மாதிரியைக் கொண்டு, 1879இல் ஆங்கிலேய அறிஞர் குக் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். மழைக்காட்டில் மட்கும் மரத்தைச் சிதைத்து இது உணவு பெறுகிறது. அந்த உணவைக் கிழங்கு போன்ற கட்டியாக மண்ணுக்கடியில் சேமிக்கிறது. ஏற்ற ஈரமும் வெப்பமும் வாய்க்கும்போது, கட்டியிலிருந்து காம்பும் குடையும் எழுகின்றன. குடையின் அடியிலுள்ள நுண்துளைகளிலிருந்து வித்துகள் காற்றில் பரவுகின்றன.

இருமல், ஆஸ்துமா போன்றவற்றுக்கு ஓராங் அஸ்லி மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது அந்தக் கட்டியைத்தான். சிக்கலும் அங்கேதான். மண்ணில் மறைந்திருக்கும் கட்டியைக் காட்டிக்கொடுப்பது குடை. குடையைக் கண்டதும் தோண்டிவிட்டால், வித்துகள் பரவும் முன்பே சேமிப்பு முழுவதும் போய்விடும். இது பல காளான்களைப்போல் கூட்டமாக முளைப்பதில்லை, தனித்தனியாகவே காணப்படும். ஆகவே ஒன்றை இழப்பதும் பெரிய இழப்பே.

இன்று மலேசியாவில் இதைச் செயற்கையாக வளர்க்கிறார்கள். சந்தைக்கு அது போதலாம். ஆனால் காட்டில் மரத்தை மண்ணாக்கும் வேலையைப் பண்ணைக் காளான் செய்யாது. காட்டில் இந்தக் குடையைக் கண்டால் படம் எடுங்கள்; தோண்டாதீர்கள்.