மாத்திரைக்கு வழி தெரியுமா?



தலை வலித்தால் மாத்திரை போடுகிறோம். கால் வலித்தாலும் பெரும்பாலும் அதே மாத்திரைதான். வயிற்றுக்குள் போன மாத்திரைக்குத் தலை எது, கால் எதுன்னு எப்படித் தெரியும்? உண்மையைச் சொன்னால், அதுக்குத் தெரியவே தெரியாது!

மாத்திரை கரைந்து, குடல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. வழியில் கல்லீரல் ஒரு பங்கைச் சிதைத்துவிடும். மிச்சம் உள்ளது உடம்பு முழுக்கச் சுற்றும். நோய் உள்ள இடத்துக்கும் போகும், இல்லாத இடத்துக்கும் போகும். வேண்டாத இடத்தில் அது செய்கிற வேலையைத்தான் பல நேரம் பக்க விளைவு என்கிறோம்.

நம்ம ஊர்த் தோட்டத்தையே எடுத்துக்குங்க. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் செடிக்கும் போகும், களைக்கும் போகும். சொட்டுநீர் போட்டால் கொஞ்சம் தண்ணீர்தான், ஆனால் நேராக வேருக்குப் போகும். மருந்தையும் இப்படித் தேவையான இடத்துக்கே அனுப்புவதுதான் இன்றைய மருத்துவத்தின் ஒரு பெரிய முயற்சி.

இதற்கு நம் கண் முன்னால் உள்ள உதாரணம் இன்ஹேலர்.

1955-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் மைசன் என்பவர் ஒரு மருந்துக் கம்பெனியின் தலைவராக இருந்தார். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. அப்போது மருந்தைக் கண்ணாடிக் கருவியில் ஊற்றி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி இழுக்க வேண்டும். "தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் டப்பாவில் அடைக்க முடியாதா?" என்று அவள் அப்பாவிடம் கேட்டாள். 1956-ல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது! கேட்டவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். கேள்வி கேட்பது எவ்வளவு நல்லது பாருங்கள்!

இப்போது ஒரு கணக்கு. மூச்சுக் குழாயை விரிக்கும் மருந்து சால்புட்டமால். மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு! நுரையீரலுக்கே நேராகப் போவதால் இந்தக் கொஞ்சமே சில நிமிடத்தில் மூச்சைச் சீராக்குகிறது. மாத்திரையில் வரும் கை நடுக்கமும் படபடப்பும் இதில் குறைவு.

ஆனால் நடப்பது என்ன? எங்க அப்பத்தாவுக்கு இளைப்பு உண்டு. டாக்டர் எழுதித் தந்த இன்ஹேலர் பல மாதம் பரண்மேல் கிடந்தது. "அதை இழுத்தா பழகிப் போயிரும், கடைசிக் கட்டத்துக்குத்தான் அது"ன்னு யாரோ சொன்னதுதான் காரணம். பெண் பிள்ளைகள் என்றால் இன்னும் மோசம். "நாளைக்குக் கல்யாணம் பேசுறப்ப தெரிஞ்சா என்ன ஆகுறது"ன்னு ஒளித்து வைக்கச் சொல்கிறார்கள். இன்ஹேலர் போதைப் பொருள் இல்லை. கடைசி மருந்தும் இல்லை. குறைந்த அளவு, சரியான இடம், அவ்வளவுதான். மூச்சுத் திணறும்போது ஒளித்து வைத்ததைத் தேடினால் உயிருக்கே ஆபத்து.

சரியாக இழுக்கும் முறை:
1. நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட வேண்டும்.
2. வாயில் வைத்து உதட்டை மூடி, மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டே அழுத்த வேண்டும்.
3. 10 எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும்.
4. ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

அவசரமாக அடித்தால் மருந்து தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்தினால் சுலபம். தினமும் இழுக்கச் சொன்ன மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. திணறலுக்கான இன்ஹேலரை அடிக்கடி தேடுகிற நிலை வந்தால் டாக்டரைப் பார்க்கணும்.

நுரையீரலுக்கு வாய் வழியே பாதை இருக்கிறது. உள்ளே ஒளிந்திருக்கும் புற்றுநோய்க் கட்டிக்கு? டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத்தையும் பாதிக்கக் கூடியது. அதைக் கொழுப்பால் ஆன நுண்குமிழிக்குள் அடைத்தார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தக் குமிழி! கட்டிக்குள் இருக்கும் ரத்தக் குழாய்கள் ஓட்டை நிறைந்தவை. குமிழிகள் அந்த ஓட்டை வழியாகக் கட்டிக்குள் கசிந்து இறங்குகின்றன. 1995-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. எல்லா மருந்தும் கட்டிக்கே போய்விடுவதில்லை. ஆனாலும் இதயத்துக்கு வரும் கெடுதல் குறைகிறது.

இவ்வளவு பாடுபட்டு விஞ்ஞானிகள் மருந்துக்கு வழி காட்டுகிறார்கள். நாம் அந்த வழியை அடைக்கலாமா? உங்கள் வகுப்பில் யாராவது இன்ஹேலர் எடுத்தால் உற்றுப் பார்க்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். அவர்கள் பையில் அது எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் நீங்கள்தான் ஓடிப்போய் எடுத்துத் தர வேண்டியிருக்கும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி