பத்தி என்ன சொல்ல வருகிறது?

காஞ்சிபுரம் மாவட்டத்தில், பழையசீவரத்துக்கு எதிரே பாலாற்றின் மறுகரையில் இருக்கிறது திருமுக்கூடல். செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு வந்து சேரும் இடம். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 55 வரிக்கு நீளும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தில் வெட்டியது. படிக்கத் தொடங்கினால் முதலில் வருவது அரசனின் மெய்க்கீர்த்தி. சாளுக்கியரோடு போர், கூடல்சங்கமத்து வெற்றி என்று அவன் பெருமை வரிவரியாக ஓடுகிறது. அதோடு நிறுத்திக்கொண்டவரிடம் கேட்டால், "இது போரைச் சொல்லும் கல்வெட்டு" என்றுதான் சொல்வார்.

ஆனால் அந்தச் சுவரில் உளி வைத்தது போருக்காக அல்ல. வயலைக்காவூர் என்ற ஊரிலிருந்து வரும் வருவாயைக் கோயில் பூசைக்கும் விழாவுக்கும், அங்கே நடந்த பாடசாலைக்கும், மாணவர் விடுதிக்கும், ஆதுலர்சாலை எனப்பட்ட மருத்துவமனைக்கும் எப்படிப் பங்கிட வேண்டும் என்று எழுதி வைக்கத்தான். மெய்க்கீர்த்தி வாசல், வீடு உள்ளே இருக்கிறது.

நம் பிள்ளைகள் ஒரு பத்தியைப் படிக்கும்போது செய்யும் தவறும் பெரும்பாலும் இதுதான். வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். 'மையக்கருத்தை எழுதுக' என்று கேட்டால் முதல் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. "மையக்கருத்து முதல் வரியிலேயே இருக்கும்" என்று யாரோ ஒருவர் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சில பத்திகளில் இருக்கும். தமிழில் எழுதுகிற பலர் சுற்றி வந்து கடைசியில்தான் சொல்வார்கள். சிலர் சொல்லாமலேயே விட்டு, படிப்பவர் தாமே கூட்டிக்கொள்ளட்டும் என்று நம்புவார்கள். ஆகவே இடத்தைச் சொல்லிக் கொடுப்பதில் பயனில்லை. கேள்வியைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கேள்விகள் இரண்டுதான். இந்தப் பத்தி எதைப் பற்றிப் பேசுகிறது? அதைப் பற்றி என்ன சொல்கிறது? முதல் கேள்விக்கான விடை பேசுபொருள். அது ஒரு சொல்லாகவோ இரண்டு சொல்லாகவோ இருக்கும். இரண்டாவது கேள்விக்கான விடைதான் மையக்கருத்து. அது ஒரு முழு வாக்கியமாகத்தான் இருக்க முடியும். 'மருத்துவமனை' என்பது பேசுபொருள். மருத்துவமனை எப்படி, என்ன ஆயிற்று என்று ஒரு பயனிலை சேரும்போதுதான் கருத்து பிறக்கிறது. எழுவாய், பயனிலை படித்த எந்தப் பிள்ளைக்கும் இது புரியும். விடைத்தாளில் வினைமுற்றோ பயனிலையோ இல்லாமல் 'மையக்கருத்து' எழுதியிருந்தால், அந்தப் பிள்ளை முதல் கேள்வியோடு நின்றுவிட்டது என்று ஆசிரியர் தெரிந்துகொள்ளலாம்.

செய்து பார்ப்போம். திருமுக்கூடல் கல்வெட்டு தரும் செய்திகளை வைத்து நானே எழுதிய பத்தி இது:

"திருமுக்கூடல் ஆதுலர்சாலையில் 15 நோயாளிகள் தங்க இடம் இருந்தது. மருந்து கொடுக்க ஒரு மருத்துவர், அறுவை செய்ய இன்னொருவர். மூலிகையும் விறகும் கொண்டுவர இரண்டு ஆட்கள். நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர். ஓராண்டுக்கு வேண்டிய மருந்துகள் பெயர் சொல்லி இருப்பில் வைக்கப்பட்டன. இரவில் விளக்கெரிய எண்ணெய்க்கும் ஒதுக்கீடு இருந்தது."

இதைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் வரக்கூடிய விடைகளை வரிசையாகப் பார்க்கலாம். ஒரு பிள்ளை "15 நோயாளிகள் தங்கலாம்" என்று எழுதும். அது முதல் வரி. ஒரு செய்தி மட்டுமே. நாவிதரும் விளக்கும் அதற்குள் அடங்கவில்லை. இன்னொரு பிள்ளை "அந்தக் காலத்திலேயே அறுவை சிகிச்சை இருந்தது" என்று எழுதும். அதன் மனத்தைக் கவர்ந்தது அதுதான், அதில் தவறில்லை. ஆனால் படிப்பவருக்குச் சுவையான வரி வேறு, பத்தியைத் தாங்கும் வரி வேறு. மூன்றாவது பிள்ளை "சோழர் காலத்தில் மருத்துவம் மிகச் சிறந்து விளங்கியது" என்று எழுதும்.

இந்த மூன்றாவது விடையில் சற்று நிற்க வேண்டும். கேட்பதற்கு மற்ற இரண்டையும்விட நன்றாக இருக்கிறது. முழு வாக்கியம், நல்ல நடை. நம் தேர்வுகளில் இதற்கு முழு மதிப்பெண் கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் பத்தி அதைச் சொல்லவே இல்லை. பத்தி பேசுவது ஒரே ஊரில் இருந்த ஒரே ஒரு மருத்துவமனையைப் பற்றி. அதிலிருந்து சோழநாடு முழுவதற்கும் தாவியது பிள்ளையின் பெருமித உணர்வு. பெருமிதம் இருக்கட்டும்; ஆனால் ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதும் பழக்கம் ஐந்தாம் வகுப்பில் கைவந்துவிட்டால் அப்புறம் போகாது. மூன்று தவறுகளில் இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். மற்ற இரண்டும் அரைகுறையாகப் படித்ததன் விளைவு. இது பத்தியைத் தாண்டிப் போய்விட்டதன் விளைவு.

சரியான விடை எப்படி இருக்கும்? "அந்த ஆதுலர்சாலை நடப்பதற்குத் தேவையான ஆள், மருந்து, விளக்கு எல்லாவற்றையும் முன்யோசனையோடு ஏற்பாடு செய்திருந்தார்கள்." இந்த வாக்கியம் பத்தியில் எங்கும் இல்லை. ஆனால் ஆறு வாக்கியங்களில் எதை எடுத்துக் காட்டினாலும் இதற்குள் உட்காரும். நாவிதரும் உட்காருவார், விளக்கெண்ணெயும் உட்காரும். அதுதான் சோதனை: எடுத்த விடைக்குள் பத்தியின் எல்லா வாக்கியங்களும் அடங்க வேண்டும், விடையும் அவற்றைத் தாண்டி வெளியே வழியக் கூடாது. சட்டை தைக்க அளவெடுப்பது போலத்தான்; இறுக்கவும் கூடாது, தொளதொளவென்றும் கூடாது.

கருத்து வெளிப்படையாக ஒரு வரியில் இருக்கும் பத்திகளுக்கு வேறொரு பயிற்சி நன்றாக வேலை செய்யும். செலவு ஒரு தாளும் கத்தரிக்கோலும்தான். அதே கல்வெட்டில் விடுதி மாணவர்களைப் பற்றி வரும் செய்திகளை நான்கு சீட்டுகளில் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்: 'மாணவர்கள் படுக்கப் பாய் கொடுத்தார்கள்.' 'சனிக்கிழமைகளில் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய் கொடுத்தார்கள்.' 'இரவில் விளக்கு வைத்தார்கள்.' 'படிக்க வந்த பிள்ளைகளின் நலனையும் அந்த நிறுவனம் பார்த்துக்கொண்டது.' சீட்டுகளைக் குலுக்கிப் போட்டுவிட்டு, பிள்ளையிடம் கேளுங்கள்: "இதில் எந்த ஒரு சீட்டை எடுத்துவிட்டால் மற்ற மூன்றும் ஏன் இருக்கின்றன என்று தெரியாமல் போகும்?" பாயை எடுத்தால் ஒன்றும் ஆகாது, எண்ணெயும் விளக்கும் இருக்கின்றன. நான்காவது சீட்டை எடுத்துவிட்டால் பாயும் எண்ணெயும் விளக்கும் ஒரு மளிகைக் கணக்குப் போல ஆகிவிடும். பிள்ளை தன் கையாலேயே அதைக் கண்டுபிடிக்கும்போது வரும் முகமலர்ச்சியை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். பிறகு அந்தச் சீட்டை முதலில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், நடுவில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், கடைசியில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இடம் மாறினாலும் தலைமை மாறவில்லை என்பதை அதற்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. ஒரு நூல் எழுதுவதற்கான உத்திகள் முப்பத்திரண்டைத் தொல்காப்பியம் மரபியலில் வரிசைப்படுத்துகிறது. அதில் முதலாவது 'நுதலியது அறிதல்'. நுதலுதல் என்றால் சொல்லக் கருதுதல். சொல்ல எடுத்துக்கொண்டது எது என்று அறிவதுதான் முதல் படி. உரையாசிரியர்கள் ஒரு சூத்திரத்துக்கு உரை எழுதப் புகும்போது, இந்தச் சூத்திரம் எதைச் சொல்லக் கருதியது என்ற கேள்வியைத் தாமே கேட்டு, ஒரே வாக்கியத்தில் தாமே விடை சொல்லிவிட்டுத்தான் சொற்பொருளுக்குப் போவார்கள். நன்னூல் உரையின் உறுப்புகளை எண்ணும்போது பாடம் என்பதை முதலிலும் கருத்து என்பதை அடுத்தும் வைக்கிறது. சொற்பொருள் அதற்குப் பின்னால்தான் வருகிறது. நம் வகுப்பறைகளில் வரிசை தலைகீழாகிவிட்டது. அருஞ்சொற்பொருளை முதலில் எழுதிப் போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லி, கருத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. கல்வெட்டில் வரும் 'ஆதுலர்' என்ற சொல்லுக்கு நோயாளர் என்று பொருள் தெரியாத பிள்ளைகூட, மருத்துவரும் மருந்தும் விளக்கும் சேர்ந்து வருவதைப் பார்த்து அது என்ன இடம் என்று ஊகித்துவிடும். கருத்து பிடிபட்டால் தெரியாத சொல் தானே வழிக்கு வரும்.

'பொருத்தமான தலைப்பிடுக' என்ற தேர்வுக் கேள்விக்கும் இதே வழிதான். தலைப்பு என்பது மையக்கருத்தைச் சுருக்கிய வடிவம். ஆகவே முதலில் முழு வாக்கியமாகக் கருத்தை எழுதிவிட்டு, அதிலிருந்து இரண்டு மூன்று சொற்களாகக் குறுக்கச் சொல்ல வேண்டும். நேரே தலைப்புக்குத் தாவினால் பிள்ளைகள் 'மருத்துவமனை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

வீட்டில் சொல்லிக் கொடுக்கும் அம்மா அப்பாவுக்கு ஒன்று. பிள்ளை விடை சொன்னதும் சரி, தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். "எந்த வரியை வைத்துச் சொல்றே, காட்டு" என்று கேளுங்கள். விரல் ஒரே வரியில் நின்றால், "மத்த வரியெல்லாம் எதுக்கு எழுதினாங்க?" என்று கேளுங்கள். விரல் எங்கேயும் நிற்காமல் தாளுக்கு மேலே ஆடினால், விடை வெளியிலிருந்து வந்தது என்று அர்த்தம். சில நேரம் பிள்ளை உங்கள் விடையோடு ஒத்துப்போகாது. உங்கள் மனத்தில் ஒன்று இருக்கும், அது வேறொன்று சொல்லும். அப்போதும் கேளுங்கள். ஆதுலர்சாலைப் பத்தியைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை, "மருத்துவமனைன்னா டாக்டர் மட்டும் போதாதுன்னு சொல்றாங்க" என்று சொல்லி, மூலிகை கொண்டுவந்த ஆட்கள் மேலும், கவனித்துக்கொண்ட பெண்கள் மேலும், கடைசி வரியில் இருக்கும் விளக்கு மேலும் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினால், அதற்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.