மானியம் கேட்கும் கடிதம்: யாருக்கு எழுதுவது?

போன வாரம் ஐந்தாம் படிவத்தில் ஓர் அலுவல் கடிதம் கொடுத்தேன்: 'ஆயர் ஈத்தாமில் பொது மண்டபக் கூரை ஒழுகுகிறது, சீரமைக்க மானியம் கேட்டு எழுதுக.' பாதிப் பேர் பிரதமருக்கே எழுதிட்டாங்க!

கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையைப் பாருங்கள். உள்ளூராட்சி, மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மண்டபம் ஊராட்சி மன்றத்துக்குச் சொந்தமென்றால் முதல் கடிதம் மன்றத்துக்குத்தான். அதன் முக்கிய வருமானம், 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி வசூலிக்கும் மதிப்பீட்டு வரி. சின்ன ஊரில் கடையும் வீடும் குறைவு, வரியும் குறைவு. குப்பை, கால்வாய், தெருவிளக்கு என்று செலவு போனபிறகு கூரைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அப்போது மன்றம் ஜொகூர் மாநில அரசிடம் மானியம் கேட்கும். உங்கள் கடிதம் அந்த விண்ணப்பத்துக்குப் பின்பலம்.

தமிழ்ப்பள்ளிக் கட்டடம் என்றால் கதையே வேறு. கல்வி கூட்டரசின் கையில். பகுதி உதவி பெறும் பள்ளிக்கும் ஆசிரியர் சம்பளம் அரசாங்கமே தருகிறது. ஆனால் பல பள்ளிகள் தோட்ட நிலத்தில் நிற்கின்றன. கட்டடப் பணம் கேட்டால் 'நிலம் யாருடையது?' என்ற கேள்விதான் முதலில் வரும். நான் படித்த பள்ளியில் மழை பெய்தால் இரண்டு வகுப்பை ஒன்றாக்கிவிடுவார்கள். பெற்றோர் எழுதிய கடிதங்களுக்குக் குறைவில்லை. நிலப் பத்திரம் ஒன்றிலும் இணைக்கப்படவில்லை.

ஆகவே மாணவர்களே, 'கூரை மோசம்' என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எவ்வளவு செலவாகும், கட்டடமும் நிலமும் யார் பெயரில் என்பதையும் எழுதுங்கள். குத்தகையாளரின் விலைப்பட்டியல், படங்கள், நிலப் பத்திர நகல் ஆகியவற்றை 'இணைப்பு' என்று கடைசியில் குறிப்பிடுங்கள்.