கற்றலும் களைப்பாறலும்

பரீட்சை நெருங்குங் காலத்தில் நம்மவர் வீடுகளிலே தவறாது நிகழும் ஒரு காட்சி உண்டு. மாலை ஐந்து மணிக்கு மைந்தன் மட்டையைக் கையிலெடுத்துக்கொண்டு படலையைத் திறக்கின்றான். "சோதினை கிட்டுது, தம்பி, இப்ப விளையாட்டோ?" என்று உள்ளிருந்து தாயாரின் குரல் கேட்கின்றது. மைந்தன் திரும்பி வந்து மேசை முன் அமர்கின்றான். புத்தகம் விரிந்திருக்கின்றது, கண் அதன்மேல் இருக்கின்றது, மனமோ மைதானத்தில் நிற்கின்றது. அன்று மாலை அவன் விளையாடவுமில்லை, படிக்கவுமில்லை. மகன் படித்தான் என்ற மனநிறைவு தாயாருக்கு மாத்திரம் உண்டாயிற்று.

இக்காட்சியில் தாயாரின் அன்பிற் குறையில்லை. அவர் போட்ட கணக்கிலேதான் பிழை உளது. ஓய்வுக்குக் கொடுத்த ஒவ்வொரு மணியும் படிப்பினின்று களவு போன மணி என்று நாம் எண்ணுகின்றோம். படிப்பைக் கிணற்றில் நீர் இறைப்பது போன்ற தொழிலாகக் கருதுவதனாலேயே இவ்வெண்ணம் எழுகின்றது. அதிக நேரம் இறைத்தால் அதிக நீர் வரும் என்பது உண்மையே. ஆயின், ஊற்று ஊறுவதற்கும் நேரம் வேண்டும் என்பதை இறைப்பவர் எவரும் அறிவர். ஓய்வு கல்விக்குப் பகையன்று. கல்வி நிகழும் முறையிலே அதுவும் ஓர் உறுப்பு. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், கற்றது எவ்வாறு மறக்கின்றது என்பதை ஆராய்வோம். எபிங்கௌஸ் என்னும் செர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கின்றது என்பதை அளந்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இருபது நிமிடங்களில் ஏறக்குறையப் பத்தில் நான்கு பங்கு நழுவிவிட்டது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. ஒரு மாதத்தின் பின்னர் எஞ்சியது ஐந்தில் ஒரு பங்கே. பொருளுள்ள பாடம் இத்துணை விரைவில் மறவாது என்பது மெய்யே. எனினும், மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் செல்லும் என்னும் முறைமை பொதுவானது.

இதிலிருந்து மாணவன் கொள்ளவேண்டிய பாடம் யாது? ஓரிரவில் நான்கு மணி நேரம் ஒரே பாடத்தைப் படிப்பதினும், அதனையே இன்று ஒரு மணி, நாளை ஒரு மணி, மூன்று நாள் கழித்து ஒரு மணி, அடுத்த வாரம் ஒரு மணி எனப் பிரித்துப் படித்தல் சிறந்தது. செலவான நேரம் இரண்டிலும் ஒன்றே. நின்ற அறிவு ஒன்றன்று. இடையில் விட்ட நாட்கள் வீண் நாட்கள் அல்ல. சிறிது மறந்தபின் மீட்டுப் படிக்கும்போதே அறிவு வேரூன்றுகின்றது. எனவே, பரீட்சைக்கு முந்திய மாதத்தில் விளையாட்டை முற்றாய் விட்டவனிலும், ஆண்டின் தொடக்கத்திலிருந்தே விளையாட்டையும் படிப்பையும் ஒருங்கு நடத்தியவன் பேறு பெற்றவன்.

இரண்டாவதாக, படிக்கும் முறையைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஒரே பக்கத்தைப் பன்முறை வாசித்து, வரிகளின் கீழே மை தீட்டி வைத்தலைப் படிப்பென்று கருதுவோர் பலர். அமெரிக்க உளவியலறிஞரான உறோடிகர், கார்ப்பிக்கே என்னும் இருவர் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு சாரார் ஒரு பாடத்தை இருமுறை வாசித்தனர். மறுசாரார் ஒருமுறை வாசித்துவிட்டு, நூலை மூடி, நினைவில் நின்றவற்றை எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது இருமுறை வாசித்தவர் நூற்றுக்கு 81 பங்கும், எழுதிப் பார்த்தவர் 75 பங்கும் கூறினர். ஒரு வாரத்தின் பின் சோதித்தபோதோ நிலைமை தலைகீழாயிற்று: வாசித்தவர்க்கு 42, எழுதிப் பார்த்தவர்க்கு 56. மீட்டும் மீட்டும் வாசித்தல் "எனக்குத் தெரியும்" என்ற மயக்கத்தைத் தருகின்றது. நூலை மூடி நினைத்துப் பார்த்தல் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துக் காட்டுகின்றது.

இது நம் முன்னோர்க்குப் புதிய செய்தியன்று. பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரம், மாணாக்கன் பாடங் கேட்கும் முறையைக் கூறுமிடத்து ஒரு கணக்குச் சொல்கின்றது. ஆசிரியர் உரைத்ததை நன்றாக உளங்கொண்டவனுக்குங் கைவருவது காற்பங்கு. உடன் கற்பாரோடு பயிலுதலால் வருவது மற்றொரு காற்பங்கு. கற்றதைப் பிறர்க்குச் செவ்விதாய் எடுத்துரைத்தலாலேயே எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும். இக்கணக்கின்படி, பாடசாலையிலும் தனியார் வகுப்பிலுமாகப் பகல் முழுவதும் பிறர் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பவன் காற்பங்கையே பன்முறை சேகரிக்கின்றான். மாலையில் வேம்பின் கீழிருந்து தோழனுக்கு ஒரு தேற்றத்தை விளக்குபவனோ அரைப்பங்கைப் பெறுகின்றான். அவ்வாறு இருவர் கூடிப் பேசிக் கற்பது ஒருவகையிற் களைப்பாறலுமாம்.

மூன்றாவது உறக்கம். மாணவர் உலகிலே உறக்கத்தைக் குறைத்தல் ஒரு வீரச்செயலாகவே மதிக்கப்படுகின்றது. "நான் இரண்டு மணிவரை விழித்திருந்தேன்" என ஒருவன் கூற, "நான் மூன்று மணிவரை" என மற்றவன் கூறுவான். யானும் என் மாணவப் பருவத்தில் இவ்வீரருள் ஒருவனாயிருந்தேன். கணிதப் பரீட்சைக்கு முந்திய இரவு முழுவதும் விழித்து, தேநீரின் துணைகொண்டு, பழைய வினாத்தாள்களைச் செய்தேன். காலையில் மண்டபத்திலே, இருபது முறையேனும் செய்து பழகிய ஒரு கணக்கின் இரண்டாம் வரி எனக்குத் தோன்றவில்லை. விடைத்தாளைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்புகையில், பாதி வழியிலே அவ்வரி தானாகவே மனத்தில் வந்து நின்றது. அறியாமையால் இழந்த புள்ளியை மறந்துவிடலாம்; அறிந்திருந்தும் இழந்த புள்ளி ஆண்டுகள் பல சென்றும் உறுத்துகின்றது.

இதன் காரணத்தைப் பின்னரே கற்றேன். 1924இல் அமெரிக்காவிலுள்ள கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டல்லென்பாக் என்பார் இரு மாணவரைக் கொண்டு நடத்திய சோதனையிலே, மனனஞ் செய்தபின் விழித்திருந்த வேளையிலும் உறங்கிய வேளையில் மறதி குறைவாயிருந்ததைக் கண்டனர். பகலிற் கற்றவற்றை மூளை உறக்கத்தின்போது மீட்டு ஒழுங்குபடுத்தி நிலைப்படுத்துகின்றது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் உறுதிசெய்தன. ஆகவே, உறங்குபவனின் படிப்பு நின்றுவிடவில்லை. அவன் அறியாமலே தொடர்கின்றது. 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் செயற்றிறன், குருதியிலே நூற்றுக்கு 0.05 வீதம் மதுசாரம் உள்ளவனின் நிலைக்குத் தாழ்வதைக் காட்டியது. காலை ஐந்து மணிக்கு எழுந்தவன் இரவு பத்து மணிக்கே அவ்வெல்லையை அடைகின்றான். அதன்பின் அவன் படிப்பது எத்தகைய படிப்பு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தேநீரும் கோப்பியும் களைப்பை மறைக்குமேயன்றி நீக்கா. அவற்றிலுள்ள கபேயினின் பாதியளவு, அருந்தி ஐந்து மணி நேரங் கழிந்தும் உடலில் எஞ்சிநின்று, பின்வரும் உறக்கத்தையுங் கெடுக்கும். பதின்மூன்று முதற் பதினெட்டு வயது வரையுள்ளார்க்கு நாளொன்றுக்கு எட்டு முதற் பத்து மணி நேர உறக்கம் வேண்டுமென உறக்க மருத்துவ வல்லுநர் 2016இல் விதந்துரைத்தனர்.

"நன்னூல் உறங்குவோனைப் பாடங் கேட்கத் தகாதவருள் ஒருவனாகச் சேர்த்ததே" எனப் பெரியோர் எவரேனும் வினவக்கூடும். இரவில் உறங்காதவனே பகலில் வகுப்பறையில் உறங்குகின்றான் என்பது எம் விடை.

நான்காவது, விளையாட்டும் பிற பொழுதுபோக்குகளும். கணித மேதை இராமானுசனின் ஆற்றலை உணர்ந்து அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைப்பித்த ஹார்டி என்னும் பேரறிஞர், ஒரு நாளில் நான்கு மணி நேரமே ஆழ்ந்த ஆராய்ச்சிக்கு ஏற்ற எல்லை எனக் கொண்டிருந்தார். காலைப் பொழுதை ஆராய்ச்சிக்கு அளித்து, மாலையிற் கிறிக்கற் பார்ப்பதிலும் ரெனிஸ் ஆடுவதிலும் மகிழ்ந்தார். அவர் செய்த பணி குறைந்ததென எவருங் கூறார். ஹார்டிக்கு நான்கு மணி போதுமாயின் எனக்கு இரண்டு மணி போதுமென மாணவன் கணக்கிடலாகாது. அந்நான்கு மணியும் வேறெதுவும் குறுக்கிடாத முழு மணிகள் என்பதே கவனிக்கத் தக்கது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஓய்வு வேறு, கவனச் சிதைவு வேறு. பந்தடித்து வியர்த்தவன், வயலின் வாசித்தவன், கோயில் வீதியில் தோழரோடு உலாவியவன் ஆகியோர் மனந்தெளிந்து மேசைக்குத் திரும்புவர். கைத்தொலைபேசியைப் புத்தகத்தின் அருகே வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதனைத் தொடுபவனுக்குப் படிப்புமில்லை, ஓய்வுமில்லை. மனம் ஒரு பொருளைவிட்டு மற்றொன்றுக்குத் தாவி மீளும் ஒவ்வொரு முறையும் சிறிது நேரமுஞ் சிறிது ஆற்றலும் செலவாகின்றன. இரவில் அதன் திரையொளி உறக்கம் வரும் வேளையைப் பின்தள்ளவுஞ் செய்கின்றது. முதலிற் கூறிய மைந்தனை மேசைக்கு அழைத்த தாயார், அதே மேசையில் இக்கருவி இருப்பதைப் பலகாலுங் காண்பதில்லை.

இனி, இவையெல்லாம் ஒரு வாரத்தில் அடங்குமா என்று பார்ப்போம். வாரத்தின் மணிகள் 168. நாளுக்கு எட்டு மணியாக உறக்கத்துக்கு 56. காலை ஏழரை முதற் பிற்பகல் ஒன்றரை வரையாக ஐந்து நாளும் பாடசாலைக்கு 30. உணவு, நீராடல், வழிபாடு, போக்குவரத்து, வீட்டு வேலை ஆகியவற்றுக்கு நாளுக்கு மூன்றரை மணியாக 24½. எஞ்சியவை 57½. தனியார் வகுப்புக்கு 12 மணி கொடுப்போம். பாடசாலை நாட்களில் நான்கு மணியும் சனி ஞாயிறுகளில் ஆறு மணியுமாகத் தானே படித்தற்கு 32 மணி கொடுப்போம். அதன் பின்னரும் 13½ மணி நிற்கின்றது. நாளுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் விளையாடலாம், பாடலாம், கதை படிக்கலாம், ஒன்றுஞ் செய்யாதும் இருக்கலாம்.

இக்கணக்கை உடைப்பது விளையாட்டன்று. தனியார் வகுப்பை 12 மணியிலிருந்து 30 மணியாக உயர்த்திப் பாருங்கள். விளையாட்டு முழுவதும் போவது மாத்திரமன்று. தானே படிக்கும் நேரத்திலும் நாலரை மணி குறைகின்றது. அக்குறையை நிரப்ப உறக்கத்தில் கைவைக்கின்றோம். உயர்தர வகுப்பு மாணவர் பலரின் வாழ்வில் இன்று நிகழ்வது இதுவே. கேட்டல் மிகுந்து, நினைத்தல் குறைந்து, உறக்கம் தேய்ந்த பின்னர், "இத்தனை வகுப்புக்கு அனுப்பியும் பெறுபேறு வரவில்லையே" என்று வருந்துகின்றோம்.

திருவிழாக் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். 2019 வரை பல ஆண்டுகள் உயர்தரப் பரீட்சை ஆகஸ்ற் மாதத்திலே நடைபெற்றது. நல்லூரின் இருபத்தைந்து நாள் திருவிழாவும் அதனையொட்டியே வந்தது. நாட்டியற்றி வைத்த நேரசூசியை வைத்திருந்த மாணவன் தேர்த்திருவிழாவன்று காலையில் வடம்பிடித்துவிட்டு, மாலையில் அமைதியாகப் படித்தான். நேரசூசி இல்லாதவனோ வீதியில் நின்றபோது புத்தகத்தை நினைத்தான். புத்தகத்தின் முன் இருந்தபோது மேளத்தை நினைத்தான். சமநிலை என்பது நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்தலன்று. எதனைச் செய்யும்போது அதிலேயே முழு மனத்தோடு நிற்றல் என்க.

யூபிலி காணும் இவ்வேளையில் பழைய மாணவராகிய நாம் கல்லூரிக்குக் கட்டடங்களும் கருவிகளும் அளிக்க எண்ணுகின்றோம், நன்று. மைதானத்தைச் செப்பனிடுதலும், நூல்நிலையத்தை மாலையிலுந் திறந்து வைக்க உதவுதலும் அவற்றுக்கு இளைத்தன அல்ல. ஆசிரியர்கள் வீட்டு வேலை கொடுக்கும்போது மற்றை ஆசிரியரும் அன்றே கொடுத்திருப்பர் என்பதை நினைவிற் கொள்வாராக. மாணவர் தம் வாரத்தின் 168 மணிகளையும் ஒரு தாளில் எழுதி, உறக்கத்தை முதலில் வரைந்து, எஞ்சியதைப் பங்கிடுவாராக.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். மாலை ஐந்து மணிக்குப் படலை திறக்கும் ஓசை கேட்டால் மகனைத் தடுக்க வேண்டாம். ஆறரை மணிக்கு விளக்கேற்றும் வேளையில் அது மீண்டும் திறக்கின்றதா என்பதை மாத்திரம் கவனியுங்கள். அவ்வாறு திரும்பி வந்தவன் படிப்பான்.