துண்டு போட்ட இடம் பறிபோன கதை

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் இந்த அனுபவம் உங்களுக்கும் கிடைத்திருக்கும். ஒரு புரோகிராம் காலையில் நன்றாக ஓடும், மாலையில் தகராறு செய்யும். விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்து வந்து காட்டினால், அவர் முன்னால் ஒழுங்காக ஓடி நம் மானத்தை வாங்கும். "நீங்கள்தான் எதையாவது தப்பாக அழுத்தியிருப்பீர்கள்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிடுவார்.

நானும் ஒரு முறை அப்படிச் சொன்னவன்தான்.

ஒரே எண்ணில் இரண்டு பில்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெரிந்த ஒருவரின் பெயிண்ட் கடைக்கு சி ஷார்ப் மொழியில் ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சில மாதங்கள் கழித்து, ஒரே எண்ணில் இரண்டு பில்கள் வந்தன. ஒரு மாதத்தில் மூன்று முறை இப்படி ஆனது. கல்லாவில் பணம் குறையவில்லை. ஆனாலும் பில் போடும் பையன் மீது முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"தம்பி, இந்த புரோகிராமை ஒரே நேரத்தில் இரண்டு தடவை திறக்க முடியுமா?" என்று போனில் கேட்டார்.

"வாய்ப்பே இல்லை அண்ணாச்சி. அதற்குப் பூட்டு வைத்திருக்கிறேன்" என்றேன். என் பதிலை நம்பி, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி பையனிடம் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் கடைக்குப் போனபோது பையன் என்னிடம், "அண்ணே, கூட்டம் அதிகமா இருக்கிற நாள்ல சாயங்காலம் மட்டும்தான் இப்படி ஆகுது" என்றான். மூன்று தேதிகளையும் நோட்டில் குறித்து வைத்திருந்தான். அந்தக் குறிப்புதான் கோளாறைப் பிடித்துக் கொடுத்தது.

நடந்தது என்ன?

ஒரு புரோகிராம் பைலையோ விண்டோவையோ பயன்படுத்த விரும்பினால், விண்டோஸ் அதற்கு ஒரு அடையாள எண் தரும். இதற்கு ஹேண்டில் என்று பெயர். நான் வைத்த பூட்டின் பெயர் மியூடெக்ஸ். அதற்கும் ஒரு ஹேண்டில் உண்டு.

மியூடெக்ஸ் என்பது பஸ் சீட்டில் போடும் துண்டு மாதிரி. துண்டு கிடந்தால் அடுத்தவர் உட்கார மாட்டார். அதுபோல, மியூடெக்ஸ் இருக்கும்வரை இரண்டாவது முறை திறக்கும் புரோகிராம் அதைப் பார்த்துவிட்டுத் தானே மூடிக்கொள்ளும்.

டாட் நெட்டில் கார்பேஜ் கலெக்டர் என்று ஒரு துப்புரவாளர் உண்டு. புரோகிராம் இனிமேல் தொடாத பொருள்களை மெமரியிலிருந்து அகற்றுவது அவர் வேலை. ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக 1959 வாக்கில் உருவாக்கிய யோசனை இது. துண்டைப் போட்ட பிறகு என் புரோகிராம் அதைத் திரும்பத் தொடவே இல்லை. "இது யாருக்கும் வேண்டாததுபோல" என்று துப்புரவாளர் எடுத்துவிட்டார். ஹேண்டில் மூடப்பட்டது, பூட்டும் போய்விட்டது.

கூட்டத்தில் பையன் பழக்கதோஷத்தில் ஐகானை மறுபடி டபுள் கிளிக் செய்திருக்கிறான். இரண்டாவது பிரதி திறந்துகொண்டது. இரண்டும் கடைசி பில் எண்ணைத் தனித்தனியே மெமரியில் வைத்து எண்ணியதால், ஒரே எண் இரண்டு முறை வந்தது.

ஏன் சில நேரம் மட்டும்?

துப்புரவாளர் நேரம் பார்த்து வருவதில்லை. முக்கியமாக, புதிய பொருள்கள் மெமரியில் குறிப்பிட்ட அளவு சேர்ந்தால்தான் வருவார். பில் குறைவான நாளில் அவர் வராமலே போகலாம்.

என் கம்ப்யூட்டரில் நான் சோதித்தது டிபக் முறையில். அதில் ஒரு செயல்பாடு முடியும்வரை அதற்குள் உள்ள பொருள்களை டாட் நெட் விட்டுவைக்கும். கடையில் இருந்ததோ வேகத்துக்காகச் செதுக்கப்பட்ட ரிலீஸ் பிரதி. அதில் கடைசியாகத் தொட்ட வரியோடு பொருளின் ஆயுள் முடிந்துவிடலாம். ரிலீஸ் பிரதியில் துப்புரவாளரை வலிய அழைத்துப் பார்த்தேன். இரண்டாவது பிரதி உடனே திறந்தது!

2005-ல் டாட் நெட் 2.0-வோடு சேஃப்ஹேண்டில் என்ற வசதி வந்தது. விண்டோஸ் ஒரு ஹேண்டிலைப் பயன்படுத்தும்போதே அது மூடப்படுவதை இது தடுக்கும். ஆனால் என்னுடையது போன்ற மறதிக்கு அது மருந்தல்ல. புரோகிராமின் கடைசியில் ஜிசி டாட் கீப்அலைவ் என்ற ஒரே வரியைச் சேர்த்தேன். "இது கடைசிவரை வேண்டும்" என்று அதற்குப் பொருள். கோளாறு தீர்ந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* எப்போதாவது வரும் கோளாறு என்றால் தேதி, நேரம், புரோகிராம் எவ்வளவு நேரமாகத் திறந்திருந்தது என்பதைக் குறித்து வையுங்கள்.

* பிழைச் செய்தி வந்தால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அல்லது செல்போனில் படம் எடுங்கள்.

* கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஒரே புரோகிராம் இரண்டு முறை ஓடுகிறதா என்று பாருங்கள்.

* மூடித் திறந்ததும் சரியாகிவிட்டால் அதையும் சொல்லுங்கள். புரோகிராமருக்கு அதுவும் ஒரு தடயம்தான்.

அன்றே முதலாளியிடம், "தப்பு என்னுடையது அண்ணாச்சி" என்று சொன்னேன். பையன் வேலையில் நீடித்தான். "உங்கள் தவறுதான்" என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் நோட்டைக் காட்டுங்கள்.